முற்றுப்புள்ளி இல்லாத முதல் பதிப்பு

மருந்தக்காவுக்கும் அவள் கணவருக்கும் நடுவில் முப்பத்தொன்பது பிரெஞ்சு நாவல்கள் இருந்தன. நாற்பதாக இருக்க வேண்டியவை. ஒன்று குறைந்ததில் ஒரு குடும்பமே இரண்டாக உடைந்தது.

மருந்தக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பேர். தரைத்தளத்து மருந்து ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷமாக நிற்பவளை நோயாளிகள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கணவர் பல் டாக்டர். படிக்கிற காலத்திலேயே பிரெஞ்சு கற்றுக்கொண்டவர். மற்றவர்கள் அந்த மொழியில் கவிதையைத் தேடுவார்கள், காதல் கதையைத் தேடுவார்கள். டாக்டருக்கு அதெல்லாம் ஆகாது. நாவல் என்றால் கதை இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையே உதறிவிட்டு எழுதப்பட்ட நாவல்கள்தான் அவருக்கு வேண்டும். ஒன்றில் ஆட்களே கிடையாது. பூட்டிய ஓர் அறையின் சாமான்களை முந்நூறு பக்கத்துக்கு வர்ணித்திருக்கும். இன்னொன்றில் ஒவ்வொரு அத்தியாயமும் முந்தைய அத்தியாயம் பொய் என்று சாதிக்கும். அதிலும் முதல் பதிப்பாக இருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பை அவர் கையால் தொடமாட்டார்.

வீட்டில் இருந்த இரண்டு படுக்கையறைகளில் காற்றோட்டமான ஒன்று புத்தகங்களுக்கு. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி உள் அட்டையிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பென்சிலால் ஓர் எண் போட்டிருப்பார். பதினேழாம் எண்தான் அவருக்கு உயிர். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். முடிவில் முற்றுப்புள்ளி கிடையாது. மறுபடி அச்சடித்தபோது அச்சுக்கூடத்துக்காரன் புள்ளி விழுந்துபோய்விட்டது என்று நினைத்துத் தானே ஒன்றை வைத்துவிட்டானாம். ஆகவே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே எது முதல் பதிப்பு என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் டாக்டர் அந்த இல்லாத புள்ளியைக் காட்டுவார். வந்தவர்களும், பல்லைக் காட்டி நிற்கும் நோயாளிகளைப் போல, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

மகளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது மழைக்காலம் வந்தது. மூன்று வாரம் வெயிலே இல்லை. குழந்தையின் துணிகள் கூடத்துக் கொடியில் காயாமல் தொங்கின. சுவரில் பூஞ்சை பச்சையாகப் பூத்தது. குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வாயில் வேறு புண். ஊதா மருந்து தடவித் தடவி மருந்தக்காவின் கட்டை விரல் எந்நேரமும் ஊதாவாகவே இருந்தது. புத்தக அறையில் மட்டும் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று மெல்ல உறுமிக்கொண்டு ஓடியது. அந்த அறை மட்டும் மொறுமொறுவென்று உலர்ந்திருந்தது.

ஒரு வாரத்துக்கு மெஷினைக் கூடத்துக்கு நகர்த்துங்கள், அல்லது தொட்டிலையாவது அந்த அறைக்குள் போடுங்கள் என்று அவள் கேட்டாள். டாக்டர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"குழந்தைக்கு மருந்து இருக்கு. உன் ஆஸ்பத்திரியிலயே இருக்கு. காகிதத்துக்கு எங்க மருந்து?"

அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நோயாளியிடம் இந்தப் பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்கிற அதே குரல். அதுதான் அவளைச் சுட்டது.

அந்த வாரம் டாக்டரின் தம்பி வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். மழையில் புத்தக அறையின் வயரிங் நனைந்துவிட்டது என்று அண்ணன் கூப்பிட்டிருந்தார். செவ்வாயும் புதனும் அவன் அந்த அறையில் தனியாக இருந்து வேலையை முடித்துக்கொடுத்தான். வியாழக்கிழமை காலையில், டாக்டர் கிளினிக்குக்குப் போன பிறகு, மருந்தக்கா குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பதினேழாம் எண்ணை உருவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பஸ் ஏறினாள். பழைய புத்தகக் கடைக்காரர் புரட்டிப் பார்த்து ஏதோ கொடுத்தார். எண்ணாமல் வாங்கிக்கொண்டாள். பின்னட்டையின் ஓரத்தில் அவளுடைய கட்டை விரல் ரேகை ஊதாவாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கடையை விட்டு வெளியே வந்தாள்.

விற்பதற்கு முன்னாலேயே அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவர் தேடுவார், துடிப்பார், அப்போது மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடலாம் என்று. அவர் சனிக்கிழமை கண்டுபிடித்தார். துடிக்கத்தான் செய்தார். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அறைக்குள் துடைப்பத்தோடு நுழைகிறவளுக்குப் பதினேழாம் எண்ணின் மதிப்புத் தெரியும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் ஒன்பது பேரைக் கூட்டி உட்கார வைத்து, தம்பியை வரவழைத்து, அவனுடைய கருவிப் பையைக் கூடத்தின் நடுவில் கவிழ்க்கச் சொன்னார். ஸ்பேனர், டெஸ்டர், வயர் துண்டுகள், பாதி சாப்பிட்ட ஒரு பன். புத்தகம் இல்லை.

"வித்திருப்பான்," என்றார் டாக்டர். "திருட்டுப் பய."

மாமியார் அழுதாள். தம்பி ஒவ்வொரு ஸ்பேனராகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனான். மருந்தக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைகள் போய்க்கொண்டே இருந்தன. மாமியார் செத்துக் கிடந்தபோது அண்ணனும் தம்பியும் கூடத்தின் இரண்டு மூலையில் நின்றார்கள். அன்றைக்கும் அவள் சொல்லவில்லை. தள்ளிப்போடப் போட அந்தப் பேச்சுக்கு எடை கூடியது. ஒரு கட்டத்துக்கு மேல் அதைத் தூக்கவே முடியவில்லை.

இப்படியாக இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

மகள் தானே தேடிக்கொண்ட பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையனின் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் ஏஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உரத்த குரல், பெரிய வீடு, அதைவிடப் பெரிய சோபா. முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். கை கழுவிவிட்டு வந்ததும் சம்பந்தி டாக்டரின் தோளில் கை போட்டார்.

"நீங்க பிரெஞ்சுப் புத்தகம் சேக்கறவராமே சம்பந்தி. மருமக சொன்னா. எங்கிட்டயும் கொஞ்சம் இருக்கு, வாங்க."

கண்ணாடி அலமாரியில் இருபது, முப்பது புத்தகம். பழைய புத்தகக் கடை ஒன்றை மூடியபோது மொத்தமாக வாங்கியவை. எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அலமாரித் தட்டின் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து எடுத்தேன் என்றார் சம்பந்தி. டாக்டரின் தாடை இறுகியதை மருந்தக்கா பார்த்தாள். அதற்குள் அவளுடைய கண் வேறொன்றில் போய் மாட்டிக்கொண்டது. வெளிறிய மஞ்சள் அட்டை. சம்பந்தி அதை எடுத்து நீட்டியபோது பின்னட்டை ஓரத்தில் ஊதாவாக ஒரு கறை. சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கறையைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். புள்ளி இல்லை. உள் அட்டையைத் திருப்பினார். தன் கையெழுத்தில் பதினேழு. புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். நல்ல பிரதி என்று மட்டும் சொன்னார். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தத் திருட்டுப் பய வித்ததை இவன் வாங்கி வச்சிருக்கான். ரெண்டு பேரையும் விடறதா இல்ல."

அன்று சாயங்காலமே சம்பந்திக்குப் போன் போட்டார். உங்கள் அலமாரியில் இருப்பது திருட்டுச் சொத்து, யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், தம்பி மேல் புகார் கொடுக்கப் போகிறேன் என்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. மறுநாள் மகள் போன் செய்து, நான் இந்த வீட்டில் வாழ்வதா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டாள். மருந்தக்கா பேசிப் பார்த்தாள். பழசைக் கிளறாதீர்கள், பெண்ணைக் கொடுத்த இடம் என்றாள். டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்து, உனக்கு இதெல்லாம் புரியாது என்றார். இருபத்தைந்து வருஷமாக அவளிடம் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி தானே வந்தார், மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு. ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் ஒரு ஃபைல்.

"பில் இல்லாம நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்," என்று ஃபைலை மேஜைமேல் போட்டார். "தேதி இருக்கு, கடை பேரு இருக்கு. என்னைத் திருடன்னு சொன்ன வாயால இல்லன்னு சொல்லுங்க."

டாக்டர் பில்லைத் தொடவில்லை. நீங்கள் திருடினீர்கள் என்று நான் சொல்லவில்லை, திருட்டுப் பொருளை வைத்திருக்கிறீர்கள் என்றுதான் சொன்னேன், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் அந்தப் புத்தகத்தை வைத்திருப்பதே அதற்கு அவமானம் என்றார். மாப்பிள்ளை அப்பாவின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான். டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. கடையை மூடிவிட்டாலும் கடைக்காரர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், விசாரித்துவிட்டேன், நாளைக்கே போய்க் கேட்கப் போகிறேன், அவர் என் தம்பி பேரைத்தான் சொல்லப் போகிறார், வேண்டுமானால் நீங்களும் வாருங்கள் என்றார்.

மருந்தக்கா தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"அவர்கிட்ட கேக்க வேண்டாம். நான்தான் வித்தேன்."

டாக்டர் திரும்பினார். முகத்தில் கோபம் வர நேரமாயிற்று. முதலில் வந்தது கேள்வி.

"எவ்வளவுக்கு?"

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குள் இத்தனை வருஷமாக மிச்சம் மீதி இருந்த பயமெல்லாம் வடிந்துபோனது. ஏன் என்று அவர் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எண்ணிப் பார்க்கவில்லை என்றாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, மழையையும் மெஷினையும் குழந்தையின் மூச்சையும் அவர் அன்றைக்குச் சொன்ன வார்த்தையையும் ஒன்று விடாமல் சொன்னாள். பின்னட்டையைப் பாருங்கள், அது என் கட்டை விரல் என்றாள். சம்பந்தி புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

பேசியது மகள்தான். அம்மாவை அவள் கட்டிக்கொள்ளவில்லை.

"என்னைக் காரணம் காட்டாதம்மா. மூச்சு வாங்கினது எனக்குத்தான், சரி. சித்தப்பான்னு ஒருத்தரே இல்லாம வளந்தேனே, அதுவும் எனக்குத்தான். நான் ஸ்கூல் போற வழியில எதிர்ல வந்தா அவர் தெரு மாறிப் போவாரு. திருடன் வர்றான்னு நானும் பையை மார்போட அணைச்சுக்குவேன். ஒருநாள் அவர் அதைப் பாத்துட்டாரு."

டாக்டர் சம்பந்தியிடம் திரும்பி, புத்தகத்தை என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அறையில் நடந்தது எதுவுமே அவர் காதில் விழாதது போல இருந்தது. சம்பந்தி புத்தகத்தை ஃபைலுக்குள் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தராசுல தங்கமா வச்சாலும் உங்களுக்குக் கிடையாது, டாக்டர்." சம்பந்தி என்ற வார்த்தையை அவர் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் புத்தக அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவள் கேட்டபோது, திருடியது நீ, மன்னிப்புக் கேட்க வேண்டியவளும் நீ, எனக்கு என்ன வந்தது என்றார். அதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதிதான் அவளை மறுநாள் காலையில் செருப்பை மாட்ட வைத்தது.

கொழுந்தன் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். லிஃப்ட் கீழ்த்தளத்தில் கதவு திறந்து கிடந்தது. பெட்டியை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு அவன் குழிக்குள் நின்று கிரீஸ் பூசிக்கொண்டிருந்தான். தரை மட்டத்தில் அவனுடைய தலை மட்டும் தெரிந்தது. நரைத்திருந்தது. "தம்பி," என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். குனிந்த தலையைப் பார்த்தே அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நடுவில் யாரோ வந்து லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டார்கள். அரை மணி ஆகும் என்று அவன் பதில் சொன்னான். கந்தலில் ஒவ்வொரு விரலாகத் துடைத்த பிறகுதான் அவளிடம் பேசினான்.

"அண்ணன் சொன்னதைக்கூட ஒருமாதிரி செரிச்சுக்கிட்டேன். அவருக்கு மனுஷன்னா யாருன்னு தெரியாது, புத்தகம்தான் தெரியும். ஆனா அன்னிக்குப் பையைக் கவுத்தறதுக்கு முன்னாடி நீங்க எனக்குக் காபி கொண்டாந்து கொடுத்தீங்க அண்ணி. சர்க்கரை போதுமான்னு கேட்டீங்க. இந்த வீட்டுல என்னை நம்பற ஆள் ஒருத்தராவது இருக்காங்கன்னு நினைச்சு நான் அந்தக் காபியைக் குடிச்சேன்."

என்ன செய்தால் ஆறும் என்று கேட்டாள்.

"ஆறாது. ஆனா ஒண்ணு செய்யுங்க. அன்னிக்கு ஒம்பது பேர் உக்காந்திருந்தாங்க. மூணு பேர் செத்தாச்சு, அம்மாவையும் சேத்து. அவங்க என்னைத் திருடன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாங்க. மிச்சம் ஆறு பேர். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நீங்களே நேர்ல போய், திருடினது நான் இல்ல, நீங்கன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. போன்ல இல்ல. நேர்ல."

சரி என்றாள். அவன் மறுபடி கிரீஸ் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டான்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. டாக்டரின் பெரியப்பா மகன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, இதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சாத்தினான். ஒரு நாத்தனார், நான் அப்போதே நினைத்தேன் என்றாள். அப்போதே நினைத்தவள் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று மருந்தக்கா கேட்க, பேச்சு முற்றி, வந்த காபி ஆறிப்போய்த் திரும்பியது. இன்னொருத்தி கதை கேட்கிற சுவாரசியத்தில், அப்புறம், அப்புறம் என்று பிடுங்கினாள். அது கதவைச் சாத்தியதைவிட மோசமாக இருந்தது. மூன்றாவது வாரமே சேதி டாக்டருக்கு எட்டிவிட்டது. என் மானத்தை வீதி வீதியாக விற்றுக்கொண்டு திரிகிறாயா, இத்தோடு நிறுத்து என்றார்.

"என் மானத்தைத்தாங்க விக்கறேன்," என்றாள். "உங்களோடது பூட்டின ரூமுக்குள்ள பத்திரமா இருக்கு."

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசுவதை விட்டுவிட்டார். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டார். அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆறாவது ஆள் டாக்டரின் அத்தை. எண்பத்தைந்து வயது, நாலாவது மாடி, இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மருந்தக்கா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். அத்தை தலையை ஆட்டி, மழை வருமா என்று கேட்டாள். எழுதிக் காட்டலாம் என்றால் கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்தது. இன்னொரு நாள் வரலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். வந்தால் மறுபடி நாளை என்று ஆகிவிடும். எழுந்து நின்று, மூச்சை இழுத்து, அந்தக் காதருகே கத்தினாள்.

"புத்தகத்தைத் திருடினது நான்."

"யாரு?"

"நான். உங்க பெரிய மருமக. தம்பி இல்ல, நான்."

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அத்தை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இன்னொரு தடவை சொல் என்றாள். மருந்தக்கா மூன்றாம் தடவையும் கத்தினாள். தொண்டை கரகரத்தது. ஆனால் கத்தக் கத்த உடம்பு லேசாகிக்கொண்டு வந்தது.

அத்தை அவள் தோளைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"அப்ப அந்தப் பையனை நான் வீட்டுக்குள்ள சேத்துக்கலாமா?"

"சேத்துக்கலாம் அத்தை."

"இத்தனை வருஷமா வாசலோட அனுப்பிட்டேனேடி. மாசா மாசம் வந்து நின்னுட்டுப் போவான்."

அத்தை அழவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவே இல்லை. மருந்தக்கா சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த மாதம் அவன் வந்தபோது அத்தை கதவைத் திறந்து விட்டாளாம், சாப்பிட்டுவிட்டுப் போனானாம். மகள்தான் சொன்னாள். அவள் இப்போது சித்தப்பாவோடு பேசுகிறாள். அம்மாவோடும் பேசுகிறாள், ஆனால் எதையும் சுருக்கமாக. அண்ணன் வீட்டுக்கு அவன் வரவில்லை. டாக்டர் கூப்பிடவும் இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் சீட்டு ஒன்று நீண்டது. மருந்தக்கா நிமிர்ந்து பார்த்தாள், கொழுந்தன். முட்டி வலிக்கு மாத்திரை எழுதியிருந்தது. எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள் என்றாள். அவன் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி அண்ணி," என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகினான்.